கருப்பட்டி விற்கும் எங்கள் தளம் கூகுள் தேடலில் வரவே இல்லை: பிழை எங்கே இருக்கிறது?

தேரிக்காட்டு மருமகள்:

அண்ணாச்சிமார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம். நான் வாழ்க்கைப்பட்டு வந்த ஊர் திசையன்விளைப் பக்கம். என் மாமனார் நெடுங்காலமாகப் பனையேறிகளிடம் கருப்பட்டி கொள்முதல் செய்து தூத்துக்குடி, மதுரை வியாபாரிகளுக்கு மொத்தமாக அனுப்பி வருகிறார். பஜாரில் சிறிய கடை ஒன்றும் உண்டு. வீடுகளுக்கே நேரடியாக அனுப்பினால் பனையேறிக்கும் கூடுதலாக ஏதாவது கொடுக்கலாம் என்ற எண்ணத்தில், சென்ற ஆண்டு வைகாசியில் வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் ஒரு விற்பனைத் தளம் தொடங்கினோம்.

ஐந்து மாதங்கள் விற்பனை இல்லாமல் கிடந்ததால், தேடலில் தளத்தை முன்னே கொண்டுவரும் எஸ்.இ.ஓ. வேலையைச் செய்து தரும் ஒரு நிறுவனத்தை நாடினோம். 30 நாட்களில் கூகுளின் முதல் பக்கத்தில் முதல் இடம் என்று உறுதி கூறி முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். மூன்று மாதங்கள் ஆகிவிட்டன. மாதந்தோறும் ஓர் அறிக்கை வருகிறது. அதில் இத்தனை பேக்லிங்க், இத்தனை கீவேர்டு என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கிறார்கள். வந்த ஆர்டர்கள் மூன்று. மூன்றும் எங்கள் உறவினர்கள் கொடுத்தவை. இதைவிட வியப்பு என்னவென்றால், எங்கள் கடையின் பெயரையே எழுத்துப் பிசகாமல் தட்டித் தேடினாலும் எங்கள் தளம் வருவதில்லை, வேறு யாரோ வருகிறார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியவை: பிழை எங்கே இருக்கிறது என்பதும், தளத்தில் கருப்பட்டி என்று எழுத வேண்டுமா, பனைவெல்லம் என்று எழுத வேண்டுமா என்பதும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் உடன்குடிக் கருப்பட்டி என்றுதான் கேட்கிறார்கள், ஆகையால் அந்தப் பெயரையே தலைப்பில் போட்டுவிடுங்கள் என்கிறது அந்த நிறுவனம். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று ஒரு கட்டுரையும் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அதை வெளியிட என் மனம் ஒப்பவில்லை.

வண்ணார்பேட்டைக் கணினிக்கடை:

தங்கச்சி, நீங்கள் தனிச்செய்தியில் அனுப்பிய முகவரியைத் திறந்து பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். கடையின் பெயரைத் தட்டியும் தளம் வரவில்லை என்றால் அது பின்தங்கிய இடத்தில் இருக்கிறது என்று பொருள் இல்லை, பெரும்பாலும் கூகுளின் பட்டியலுக்குள்ளேயே அது போய்ச் சேரவில்லை என்றுதான் பொருள். இரண்டும் வெவ்வேறு நோய்கள். சோதிப்பது எளிது. கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் சைட் (site) என்று எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைத் தட்டுங்கள். பட்டியலில் சேர்ந்த பக்கங்கள் இருந்தால் அவை வரிசையாக வரும். நான் தட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம்கூட வரவில்லை.

காரணத்தையும் பார்த்தேன். உங்கள் தளத்தின் ஒவ்வொரு பக்கத்திலும், என்னைப் பட்டியலிடாதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் நோஇண்டெக்ஸ் குறி இருக்கிறது. வேர்ட்பிரஸ் நிர்வாகப் பகுதியில் அமைப்புகளுக்குள் வாசிப்பு என்ற பிரிவைத் திறந்தால், கீழ்ப்பகுதியில், இத்தளத்தைப் பட்டியலிட வேண்டாமெனத் தேடுபொறிகளைக் கேட்டுக்கொள்ளும் ஒரு சிறு கட்டம் இருக்கும். தளம் கட்டுகிறவர்கள், அரைகுறை வேலை ஊருக்குத் தெரிய வேண்டாமே என்று அதில் டிக் அடித்து வைப்பார்கள். வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிடுவார்கள். எடுக்க ஒரு நொடி போதும். மூன்று மாதங்களாக அறிக்கை அனுப்பியவர்கள் இதைக்கூடப் பார்க்கவில்லை என்பதை என்ன சொல்வது! டிக்கை எடுத்த பிறகு, கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசச் சேவையில் தளத்தைப் பதிவு செய்து, தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப்பைச் சமர்ப்பித்து, முகப்பையும் பொருள் பக்கங்களையும் பட்டியலிடும்படி வேண்டுகோள் கொடுங்கள். சில நாட்களிலும் வரலாம், சில வாரங்களும் ஆகலாம்.

அடுத்தது அந்த நிறுவனத்தின் அறிக்கை. முதல் இடத்துக்கு யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுள் தன் வழிகாட்டிப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. கீவேர்டு, அதாவது தேடுசொல், என்ற பெயரில் அவர்கள் அறுபது சொற்களைத் திணித்திருக்கும், பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அந்த மெட்டா குறியை, தரவரிசைக்குத் தாம் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-இலேயே அறிவித்துவிட்டது. பேக்லிங்க் என்பது பிற தளங்கள் உங்கள் தளத்தைச் சுட்டுவது. அது தானாக வர வேண்டும். காசு கொடுத்து வாங்கினால் அது கூகுளின் விதிகளுக்குப் புறம்பு. 2012-இல் பெங்குவின் என்ற மாற்றம் வந்தபோது அப்படி வாங்கியவர்கள் பலருடைய தளங்கள் ஒரே நாளில் கீழே போயின. இன்றைக்குப் பெரும்பாலும் அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். ஆகவே அந்தப் பணம் ஆற்றில் கரைத்த புளிதான்.

உங்கள் முகப்புப் பக்கத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே இருப்பது ஒரே ஒரு படம். வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்காக அச்சகத்தில் செய்த நோட்டீஸ். கடைப் பெயர், விலை, தொலைபேசி எண், சுத்தமான பனங்கருப்பட்டி என்ற வாசகம் எல்லாம் அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கின்றன. கண்ணுக்குத் தெரிகிறதே என்று நினைப்போம். படத்துக்குள் இருப்பதைப் பக்கத்தின் எழுத்தாகத் தேடுபொறி எடுத்துக்கொள்ளும் என்று நம்பி இருக்கக் கூடாது. அந்தப் படம் ஏறக்குறைய 5 எம்.பி. இருக்கிறது, தேரிக்காட்டில் கிடைக்கும் சிக்னலில் அது திறப்பதற்குள் வாங்க வந்தவர் போய்விடுவார். பக்கத்தின் முதன்மையான பகுதி 2.5 வினாடிகளுக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். படத்தை வெப்பி (WebP) என்ற கோப்பு வடிவில் சிறிதாக்கிப் போடுங்கள், வாசகங்களைத் தனியாக எழுத்தில் தட்டுங்கள்.

எழுத்தில் தட்டும்போது, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் தட்ட வேண்டும். உங்கள் 'எங்களைப் பற்றி' பக்கத்தில் அச்சகத்தின் பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இருப்பதால் உங்களுக்குத் தமிழாகத் தெரிகிறது. என் கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத்தான் தெரிகிறது. தேடுபொறிக்கும் அது குப்பைதான். நம் பக்கத்துக் கடைகளின் தளங்களில் நான் மிகுதியாகப் பார்க்கும் பிழை இது.

பொருள் பக்கத்தின் தலைப்பில் 'பொருள் 1' என்று இருக்கிறது. தேடல் முடிவில் நீல நிறத்தில் தெரியப்போவது பெரும்பாலும் அந்தத் தலைப்புத்தான். 'திசையன்விளைப் பனங்கருப்பட்டி, 1 கிலோ, சிரட்டை அச்சு' என்று மாற்றினால் தேடுகிறவருக்கும் புரியும், கூகுளுக்கும் புரியும். விவரணையாக மூன்று வரிகள் இருக்கின்றன. அதே மூன்று வரிகளைப் பெரிய விற்பனைத் தளத்திலும் போட்டிருக்கிறீர்கள். இதற்குத் தண்டனை எதுவும் கிடையாது, ஆனால் ஒரே வாசகம் இரண்டு இடங்களில் இருந்தால் கூகுள் பெரும்பாலும் ஒன்றைத்தான் காட்டும். அது உங்களுடையதாக இல்லாமல் போகலாம்.

கருப்பட்டியா, பனைவெல்லமா என்ற கேள்விக்கு என் பதில், இரண்டும் வேண்டும் என்பதுதான். நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்தார் கருப்பட்டி என்றே தேடுவார்கள். வடக்கே போகப் போகப் பனைவெல்லம் என்பார்கள். ஆங்கில எழுத்தில் கருப்பட்டி என்று தட்டுகிறவர்களில் சிலர் 'ப்' ஒலிக்கு ஓர் எழுத்தும் சிலர் இரண்டு எழுத்தும் இடுவார்கள். ஒற்றை விட்டுவிட்டுக் கருபட்டி என்று தமிழில் தட்டுகிறவர்களும் உண்டு. பிழையான வடிவங்களைக் கூகுள் பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்ளும், அவற்றை நீங்கள் எழுத வேண்டியதில்லை. ஆனால் பனைவெல்லம் என்பது பிழை இல்லையே, வேறு ஊர்ச் சொல். 'சென்னைப் பக்கம் பனைவெல்லம் என்று கேட்பதும் இதைத்தான்' என்று பத்திக்கு நடுவில் இயல்பாக ஒரு வாக்கியம் வந்தால் போதும். ஒரே சொல்லை முப்பது முறை அடுக்குவதைப் பழைய கைச்சரக்கு என்று கூகுள் நன்றாக அறியும். ஆங்கிலத்தில் வாங்குகிறவர்களுக்குத் தனிப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், ஒரே பக்கத்தில் இரண்டு மொழியையும் குழைக்க வேண்டாம்.

பக்க முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வையுங்கள். தமிழில் வைத்தால் வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது சதவீதக் குறிகளாக நான்கு வரிக்கு நீண்டு, பார்ப்பவர் ஏதோ வைரஸ் என்று அஞ்சி அழுத்த மாட்டார்.

பத்தமடைக்காரி:

அண்ணாச்சி சொன்னவற்றோடு என் அனுபவம் ஒன்றைச் சேர்க்கிறேன். நாங்கள் கோரைப்பாய் விற்கிறோம். எங்கள் ஊர்ப் பெயருக்கே மதிப்பு இருப்பதால், 'பத்தமடைப் பாய்' என்ற சொல்லை மட்டும் நம்பித் தளம் முழுவதையும் எழுதி வைத்திருந்தேன். சர்ச் கன்சோலில் செயல்திறன் என்ற பகுதியைத் திறந்து, எந்தச் சொற்களைத் தட்டியவர்களுக்கு எங்கள் தளம் காட்டப்பட்டது என்று ஒரு நாள் படித்தபோதுதான் எனக்கு உண்மை விளங்கியது. 'கல்யாணப் பாய்', 'பெயர் போட்ட பாய்' என்று கேட்டவர்களுக்கு எங்கள் தளம் எங்கோ நாலாம் பக்கத்தில் காட்டப்பட்டிருந்தது, ஒருவரும் அழுத்தவில்லை. மணமக்கள் பெயரை நெய்து கொடுப்பது எங்கள் ஊரில் வழிவழியாக நடப்பதுதான். அதைப் பற்றித் தளத்தில் ஒற்றை வரிதான் இருந்தது.

பிறகு அதற்கென்றே ஒரு பக்கம் எழுதினேன். அலங்காரமாக எதுவும் எழுதவில்லை. தொலைபேசியில் அழைக்கிறவர்கள் கேட்கும் கேள்விகளை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன், அவற்றையே வரிசையாக எழுதிப் பதில் சொன்னேன். எத்தனை நாட்களுக்கு முன்னால் சொல்ல வேண்டும், தமிழில் பெயர் போட முடியுமா, நீளமான பெயராக இருந்தால் என்ன செய்வீர்கள், தண்ணீர் பட்டால் சாயம் போகுமா, மடித்து வைக்கலாமா, சுருட்டித்தான் வைக்க வேண்டுமா என்பவைதான் அந்தக் கேள்விகள். கோரையைக் கீறிக் காய வைத்து, தாமிரபரணித் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காய வைத்து, தறியில் ஏற்றுவது வரைக்கும் என் கைபேசியிலேயே எடுத்த படங்களைச் சேர்த்தேன். ஒவ்வொரு படத்துக்கும், அதில் இருப்பது என்ன என்று மாற்றுரையாக ஒரு வரி எழுதினேன். இப்போது கல்யாண மாதங்களுக்கு முன்னால் வரும் அழைப்புகளில் பாதி அந்தப் பக்கத்தைப் பார்த்து வருபவை.

உங்கள் மாமனாரிடம் கடையில் வந்து நிற்கிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள், தங்கச்சி. எந்த நிறுவனமும் அந்தக் கீவேர்டுப் பட்டியலைத் தர முடியாது.

ரதவீதி வியாபாரி:

எல்லாரும் எஸ்.இ.ஓ. புராணம் படிக்கும்போது மாற்றாகச் சொல்ல ஒருவராவது வேண்டும். நான் டவுனிலிருந்து அல்வா பார்சல் அனுப்புகிறவன். 'திருநெல்வேலி அல்வா' என்ற சொல்லுக்கு நான் இரண்டு ஆண்டுகள் மல்லுக்கு நின்றேன். அங்கே முதல் பக்கத்தில் பழம்பெரும் கடைகளும் பெரிய விற்பனைத் தளங்களும் செய்தித்தாள்களும் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது எனக்கு எங்கே இடம்? என் வியாபாரத்தில் பெரும்பகுதி ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வாங்குவதால் நடக்கிறது. அதற்கு வாட்ஸ்அப் போதும். பார்சலுக்குள் ஒரு சீட்டில் எண்ணை எழுதி வைக்கிறேன்.

எஸ்.இ.ஓ.வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கார் நெல் விதைத்தால் கார் அறுப்பு, பிசானம் விதைத்தால் பிசான அறுப்பு என்று நாள் குறித்து எதிர்பார்க்கிற வேலை இது இல்லை. பலன் தெரிய நான்கு மாதங்கள் முதல் ஓர் ஆண்டு வரை ஆகும் என்று கூகுளே 2017-இல் ஒரு காணொளியில் சொன்னது. அதுவரை கடை ஓட வேண்டுமே! 'கருப்பட்டி நன்மைகள்' என்பது போன்ற தேடல்களுக்குக் கட்டுரை எழுதிக் காலத்தை வீணாக்காதீர்கள் என்பதும் என் கருத்து. அந்த வகைக் கேள்விக்கு இப்போது கூகுளே பதிலைத் தொகுத்து மேலே காட்டிவிடுகிறது. படித்தவர் அதோடு போய்விடுகிறார். விலையையும் ஊரையும் எடையையும் சேர்த்துத் தேடுகிறவர்தான் பையில் காசோடு வருகிறவர்.

பஜாரில் கடை இருக்கிறதே, அதைக் கூகுள் வரைபடத்தில் கடையைக் காட்டும் கூகுள் வணிகச் சுயவிவரத்தில் பதிவு செய்துவிட்டீர்களா? திருச்செந்தூருக்கும் உவரிக்கும் போகிறவர்கள் வழியில் கைபேசியில் பார்த்துத்தான் கடையைத் தேடுகிறார்கள். விமர்சனம் எழுதச் சொல்லிக் கேட்கலாம், அதற்கு ஈடாகக் கருப்பட்டி கொடுக்கக் கூடாது, அது விதிமீறல்.

தேரிக்காட்டு மருமகள்:

அண்ணாச்சி சொன்ன கட்டத்தில் டிக் இருக்கத்தான் செய்தது. எடுத்துவிட்டு, சர்ச் கன்சோலிலும் பதிவு செய்தேன். ஆறாம் நாள் கடையின் பெயரைத் தட்டியபோது முகப்புப் பக்கம் வந்தது. மாமனாரிடம் காட்டினேன், "இதுக்கா மூணு மாசம்?" என்று கேட்டுவிட்டுக் கொள்முதலுக்குக் கிளம்பிவிட்டார்.

வணிகச் சுயவிவரமும் தொடங்கிவிட்டேன். அக்கா சொன்னபடி ஒரு நோட்டும் போட்டிருக்கிறேன். முதல் நாளே ஒன்பது கேள்விகள் சேர்ந்தன, அவற்றில் நான்கு, "சீனி கலந்ததா?" என்ற ஒரே கேள்வியின் வெவ்வேறு வடிவங்கள்.

உடன்குடிப் பெயரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆவணிக்குப் பிறகு புதுக் கருப்பட்டி தீர்ந்ததும் அந்தப் பக்கங்களை நீக்கிவிட்டோம். பங்குனியில் பதனீர் இறங்கத் தொடங்கியதும் புதிதாகப் போடலாம் என்று இருக்கிறோம். அது சரிதானா?

குலசைக் கரை:

எங்கள் குடும்பம் பனையை நம்பிப் பிழைத்த குடும்பம், ஆகையால் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அந்தப் பெயரைச் சரக்கின் மேல் போட்டு விற்க வேண்டுமானால், அந்த எல்லைக்குள் விளைந்த சரக்காக இருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகச் சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் பெயரும் பதிந்திருக்க வேண்டும். திசையன்விளைச் சரக்குக்கு அந்தப் பெயரைத் தலைப்பாக வைப்பது தேடுபொறியைவிட முதலில் வாங்குகிறவரை ஏமாற்றுவதாகும். அவர் பெட்டியைத் திறந்து முகவரியைப் படிக்கிற நாளில் உங்கள் விமர்சனப் பக்கம் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் மாமனார் உண்மையிலேயே உடன்குடி வட்டாரத்திலும் கொள்முதல் செய்கிறார் என்றால் அந்தச் சரக்கைத் தனியே பிரித்து, உரிய பதிவோடு, தனிப் பக்கத்தில் விற்கலாம். இல்லையென்றால் திசையன்விளை என்றே எழுதுங்கள். அந்தப் பெயருக்குப் போட்டியும் குறைவு.

சர்க்கரை நோய்க் கட்டுரையைக் குப்பையில் போடுங்கள். பதனீரில் இருக்கும் இனிப்பின் பெரும்பகுதி சுக்ரோஸ், சீனியில் இருப்பதும் அதுதான். உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை தடை செய்கிறது. உங்கள் 14 இலக்க உரிம எண்ணைத் தளத்தின் அடியில் போட்டிருக்கிறீர்கள் என்றால், அதே பக்கத்தில் இந்தக் கட்டுரையும் இருப்பது உங்களுக்கு எதிராக நீங்களே எழுதிக்கொடுக்கும் வாக்குமூலம்.

பக்கங்களை ஆண்டுதோறும் நீக்கிப் புதிதாகப் போடுவது தவறு. சென்ற ஆண்டு தளமே பட்டியலில் இல்லாததால் உங்களுக்கு நட்டம் ஒன்றும் இல்லை. இனி ஒரு பக்கம் பட்டியலில் ஏறி, அதை நாலு பேர் சுட்டி, அதற்கென்று ஓர் இடம் கிடைத்த பிறகு நீக்கினால், அந்த முகவரியில் வந்து நிற்கிறவருக்குப் பக்கம் இல்லை என்ற அறிவிப்புத்தான் கிடைக்கும். புதிய பக்கம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு 'இருப்பு இல்லை' என்று மாற்றி, பங்குனிக் கடைசியில் புதுச் சரக்கு வரும், வேண்டியவர் எண்ணைக் கொடுங்கள் என்று எழுதுங்கள். விலையையும் இருப்பையும் தேடுபொறி படிக்கும் வகையில் எழுதித் தரும் நீட்சிகள் (பிளகின்) வேர்ட்பிரஸில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை நிறுவிவிட்டு, விற்கும் பொருட்களைப் பதியும் கூகுள் மெர்ச்சண்ட் சென்டரில் இலவசப் பட்டியலும் கொடுத்தால், படமும் விலையுமாகத் தேடலில் தெரிய வாய்ப்பு உண்டு.

"சீனி கலந்ததா?" என்ற கேள்விக்கு ஒரு முழுப் பக்கம் எழுதுங்கள், அதற்கு நிபுணர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். உங்கள் மாமனார் ஒரு கருப்பட்டியை எடுத்து எப்படிப் பார்க்கிறார் என்று கவனித்திருப்பீர்கள். என் தகப்பனார் சிரட்டை வடிவத்தின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தி உடைத்து, உடைந்த முகத்தை வெயிலில் திருப்பிப் பார்ப்பார். சர்க்கரை மணி போல மினுமினுத்தால் தள்ளி வைத்துவிடுவார். பிறகு மோந்து பார்ப்பார், நாக்கில் வைப்பார். கலயத்தில் தடவிய சுண்ணாம்பு கூடிவிட்டதா என்பதும் அவருக்கு அதிலேயே தெரிந்துவிடும். இவை ஆய்வுக்கூடச் சோதனைகள் ஆகா, ஒரு வியாபாரியின் கைப்பழக்கம் என்று வெளிப்படையாகச் சொல்லியே எழுதுங்கள். ஐப்பசி மழையில் கருப்பட்டி ஏன் கசிகிறது, அடுப்புக்கு மேலே பரணில் ஏன் வைத்தார்கள் என்பதையும் சேருங்கள். இதையெல்லாம் யாரிடம் காசு கொடுத்து எழுதி வாங்க முடியும்?

வண்ணார்பேட்டைக் கணினிக்கடை:

தங்கச்சி, ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன். அந்த நிறுவனத்தை நிறுத்துவதற்கு முன்னால், தள முகவரி யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது, தளத்தின் கோப்புகள் இருக்கும் ஹோஸ்டிங் கணக்கின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டும் கைக்கு வரும் வரை சண்டை போட வேண்டாம்.

தேரிக்காட்டு மருமகள்:

பார்த்துவிட்டேன், அண்ணாச்சி. நிறுவனத்தாருடைய மின்னஞ்சலில்தான் பதிவாகி இருக்கிறது. புதுப்பிக்கும் நாள் வைகாசி 10-ஐ ஒட்டி வருகிறது. திங்கட்கிழமை மாமனாரோடு நேரில் போகிறேன். போய் வந்து எழுதுகிறேன்.